இருக்கையும் வரலாறும்: ரிச்சர்டு கோஃபின் மிடில் நூல் குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் ஒரு தேவாலயத்தையும் அதனைச் சார்ந்த ஊர்களையும் உள்ளடக்கிய பகுதி பாரிஷ் எனப்படும். தமிழ்க் கிறித்தவ வழக்கில் இதனைப் பங்கு என்பர். வழிபாட்டோடு ஏழைகளைப் பேணுதல், சாலைகளைச் செப்பனிடுதல் முதலிய பொறுப்புகளையும் ஏற்றிருந்தமையால் பங்கே நெடுங்காலம் அந்நாட்டு ஊர் வாழ்வின் அடிப்படை அலகாக விளங்கியது. ஆகவே பங்கு வரலாறு என்னும் எழுத்துவகையும் அங்குச் செழித்தது. நிலவுரிமையாளரின் வழிமுறை, குருமார் பட்டியல், தேவாலயத்தின் கட்டடக் கூறுகள் என்னும் மூன்றும் இவ்வகை நூல்களில் பெரும்பாலும் காணப்படுவன. ஊரில் வாழ்ந்தோர் அவற்றில் அரிதாகவே இடம்பெறுவர்.

இவ்வழக்கிற்கு மாறாக அமைந்தது ரிச்சர்டு கோஃப் (1635–1723) எழுதிய மிடில் பங்கின் வரலாறு. ஷ்ராப்ஷயர் பகுதியைச் சேர்ந்த இவர் சொந்த நிலமுடைய உழவர். 1700 முதல் 1702 வரையிலான ஆண்டுகளில், தமது முதுமையில் இந்நூலை எழுதினார். இது முதன்முதலில் அச்சேறியது 1834இல்தான். இந்நூலின் தனித்தன்மை அதன் செய்திகளைக் காட்டிலும் அதன் வைப்புமுறையிலேயே உள்ளது என்பதை நிறுவ இக்கட்டுரை முற்படுகிறது.

நூலமைப்பு

நூல் இரு பகுதிகளைக் கொண்டது. முற்பகுதி பங்கின் எல்லை, தேவாலயம், குருமார் முதலிய வழக்கமான செய்திகளைக் கூறுகிறது. பிற்பகுதியில் ஆசிரியர் தேவாலயத்தின் இருக்கை வரைபடத்தை முன்வைத்து, ஒவ்வோர் இருக்கையாக எடுத்துக்கொண்டு, அதற்குரிய குடும்பங்களின் கதையைச் சொல்லிச் செல்கிறார். காலவரிசை இங்கு இல்லை. அடுத்தடுத்து அமர்ந்தோரே அடுத்தடுத்த பக்கங்களிலும் வருகின்றனர்.

இவ்வரிசை இயல்பாக அமைந்ததன்று. கோயில் வரி செலுத்தாதவர்களும் சிறுவர்களும் ஊரின் மேன்மக்களுக்கு முன்னே அமர்வது தகாது என்னும் எண்ணம் எழுந்ததையும், அதன்பின் இருக்கைகள் முறைப்படுத்தப்பட்டதையும் கோஃபே பதிவுசெய்துள்ளார். ஆகவே அவர் கைக்கொண்ட சட்டகம் பூசலில் பிறந்த படிநிலைச் சட்டகமாகும். நூலைப் படிப்போர் இதனை மறத்தலாகாது.

வீடு நிலைக்கிறது, குடி பெயர்கிறது

எனினும் இச்சட்டகத்தினுள் ஒரு முரண் பொதிந்துள்ளது. இருக்கை மனிதருக்கோ நிலத்துக்கோ உரியதன்று, வீட்டுக்கே உரியது என்பது கோஃபின் கருத்து. வீட்டை விட்டுப் பெயர்பவர் அதற்குரிய இருக்கையையும் இழப்பார். இதன் விளைவாக, ஓர் இருக்கையின் வரலாற்றை எழுதப் புகுந்த ஆசிரியர், அதில் வந்தமர்ந்து விலகிய குடும்பங்கள் அனைத்தின் ஏற்றத்தாழ்வையும் எழுத நேர்கிறது. குடித்தே நிலத்தை அழித்தவர், வழக்காடிப் பொருளிழந்தவர், நல்ல திருமணத்தால் உயர்ந்தவர் என மாந்தர் மாறிக்கொண்டே இருக்கின்றனர். பலகை மட்டும் அசையாமல் நிற்கிறது. படிநிலையை உறுதிப்படுத்த அமைந்த வரிசை, எழுத்தில் அப்படிநிலையின் நிலையாமைக்குச் சான்றாகிவிடுகிறது. இந்நூலை வம்புச் செய்திகளின் தொகுப்பு என்று ஒதுக்குவோர் காணத் தவறுவது இதனையே.

முன்னோரின் குற்றங்களை வெளிப்படுத்தியதற்காகத் தம்மைக் குறைகூறுவோருக்கும் ஆசிரியர் விடை கூறுகிறார்: அவ்வாறு குறைகூறுபவர், இறந்தபின் தம் பெயரில் கறை தங்காதவாறு வாழட்டும் என்பது அவ்விடையின் சாரம். மேல்வரிசையினர், கீழ்வரிசையினர் என்று பாராமல் இருசாராரின் குறைகளையும் எழுதியமையால் அவ்விடை வெறும் தற்காப்பாகப் படவில்லை.

உள்நாட்டுப் போர் குறித்த பகுதி இதற்குத் தக்க சான்று. மன்னர் தரப்புக்கு மிடில் குன்றில் ஆள்திரட்டியதைச் சிறுவனாகக் கோஃப் நேரில் கண்டிருக்கிறார். மிடில், மார்ட்டன், நியூட்டன் என்னும் மூன்று சிற்றூர்களிலிருந்து சென்றோர் 20 பேர். அவர்களுள் 13 பேர் மாண்டனர் என்று அவர் கணக்கிடுகிறார். மூன்று ஊர்களிலேயே இத்தனை பேர் என்றால், நாடு முழுவதும் எத்தனை ஆயிரவர் மாண்டிருப்பர் என்று எண்ணிப் பார்க்கச் சொல்கிறார். நாட்டு வரலாறு ஊருக்குள் இறங்கி வருவதே வழக்கம். இங்கு ஊர்க்கணக்கிலிருந்து நாட்டுக் கணக்கு எழுகிறது. பங்கு வரலாறு சிறுபொருள் பற்றிய எழுத்தன்று என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டியதில்லை.

வரம்புகள்

இந்நூலை எளிய மக்களின் வரலாறு என முழுமையாகப் போற்றுவதும் பொருந்தாது. குடிசைவாசிகளுக்குரிய இருக்கைகளையும் கோஃப் விட்டுவிடவில்லை என்பது உண்மையே. ஆனால் தமக்கென வீடில்லாத வேலையாட்களும் வழிப்போக்கரும் பிறர் கதைகளுக்கிடையே தலைகாட்டி மறைகின்றனர். வீடின்றேல் இருக்கையில்லை, இருக்கையின்றேல் தனிக்கதையில்லை. நூலின் வலிமைக்குக் காரணமான அதே வைப்புமுறையே அதன் வரம்புக்கும் காரணமாகிறது.

நினைவையும் கேள்வியறிவையும் பெரிதும் சார்ந்த இந்நூலைத் தனியே நிறுத்தி வாசிப்பதும் போதாது. 1538இல் தொடங்கப்பெற்ற ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள் இத்தகைய நூல்களைச் சரிபார்க்கத் துணைநிற்பன. டேவிட் ஹே 1974இல் வெளியிட்ட ஆய்வு, ஆவணங்களின் துணைகொண்டு மிடில் சமுதாயத்தை மீட்டுருவாக்கியது. கோஃபின் நூலை 1981இல் பதிப்பித்தவரும் அவரே. ஆவணம் பெயரையும் நாளையும் தருகிறது. அப்பெயருக்குரியவர் அண்டை வீட்டாரோடு எவ்வாறு வாழ்ந்தார் என்பதைக் கோஃப் தருகிறார். ஒன்றின் இடத்தை மற்றொன்று நிரப்பவியலாது.

முடிவுரை

ஓர் ஊர் வரலாற்றை மதிப்பிடுகையில் அதில் உள்ள செய்திகள் மெய்யா என்று வினவுவதோடு, அவை எந்த வரிசையில் வைக்கப்பட்டுள்ளன, அவ்வரிசையை அமைத்தவர் யாவர் என்றும் வினவுதல் வேண்டும். தாம் அமர்ந்த தேவாலயத்தின் வரிசையையே நூலின் வரிசையாக்கியதால், கோஃப் அவ்வினாவுக்கான விடையை மறைக்காமல் நம்முன் வைத்துள்ளார். பங்கு வரலாறுகள் பலவற்றுள் மிடில் நூல் தனித்து நிற்பது இந்நேர்மையாலேயே எனலாம்.