டோமோயி பள்ளியின் இரண்டு பாத்திரங்கள்

தமிழில் பள்ளிக் கல்வி பற்றிப் பேச்செடுத்தால் பத்து நிமிடத்துக்குள் யாராவது ஒருவர் 'டோட்டோ-சான்' என்று சொல்லிவிடுவார். ஆசிரியர் கூட்டங்கள், புத்தகக் கண்காட்சி மேடைகள், பிறந்தநாள் பரிசுப் பொட்டலங்கள் என்று எல்லா இடத்திலும் அந்தப் புத்தகம் இருக்கிறது. தெட்சுகோ குரோயாநாகி 1981-ல் ஜப்பானில் வெளியிட்ட நினைவுநூல் அது. தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் 'டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி' என்று கொண்டுவந்தது. 2023-ல் அனிமேஷன் படமாகவும் வந்துவிட்டது. நாம் அதை வாசித்த விதம் மட்டும் மாறவே இல்லை. ரயில் பெட்டியில் வகுப்பறை, முதல் நாளே ஒரு குழந்தை பேசுவதை நான்கு மணி நேரம் உட்கார்ந்து கேட்ட தலைமையாசிரியர் கோபயாஷி, பிடித்த பாடத்திலிருந்து நாளைத் தொடங்கும் சுதந்திரம். படித்து முடித்ததும் 'இப்படி ஒரு வாத்தியார் நமக்கு வாய்க்கலையே' என்று ஒரு பெருமூச்சு. அவ்வளவுதான்.

இந்த வாசிப்பு பொய்யில்லை, ஆனால் பாதிதான். கோபயாஷி குழந்தைகளை எப்படி நடத்தினார் என்று பார்க்கிற நாம், அவர் வீடுகளை எப்படி நடத்தினார் என்று பார்ப்பதில்லை. மன்னார்குடியில் உட்கார்ந்து இந்தப் புத்தகத்தை மறுபடி படித்தபோது எனக்கு அந்தப் பகுதிகள்தான் முக்கியமாகப் பட்டன.

மூன்று இடங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, சாப்பாட்டு நேரம். மதிய டப்பாவில் கடலிலிருந்து ஏதாவது ஒன்று, மலையிலிருந்து ஏதாவது ஒன்று இருக்க வேண்டும் என்று கோபயாஷி பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறார். வீட்டிடம் வைக்கும் கோரிக்கை இவ்வளவுதான், யாருக்கும் புரியும். சாப்பாட்டு நேரத்தில் அவர் ஒவ்வொரு டப்பாவாகப் பார்த்துக்கொண்டே வருவார். பின்னாலேயே அவர் மனைவி இரண்டு பாத்திரங்களோடு வருவார். ஒன்றில் கடல், இன்னொன்றில் மலை. எந்த டப்பாவில் எது குறைகிறதோ அது அந்தப் பாத்திரத்திலிருந்து விழும். 'ஏன் கொண்டுவரலை' என்று யாரும் கேட்பதில்லை. டைரியில் குறிப்பு எழுதி அம்மாவிடம் கையெழுத்து வாங்கச் சொல்வதில்லை.

இரண்டாவது, விளையாட்டு விழா. பரிசாகக் கோப்பை கிடையாது, காய்கறிதான். முள்ளங்கி, கீரைக்கட்டு. குழந்தைகளுக்குக் கூச்சமாக இருக்கிறது, இதையா தூக்கிக்கொண்டு போவது என்று. நீங்களே சம்பாதித்த காய், வீட்டில் சமைத்து எல்லோருமாகச் சாப்பிடுங்கள் என்று அவர் சொல்கிறார். அன்றைக்கு இரவு அந்த வீட்டுச் சோற்றில் குழந்தையின் பங்கு இருக்கிறது.

மூன்றாவது, விவசாய ஆசிரியர். பக்கத்து வயலில் வேலை செய்யும் ஒரு விவசாயியைக் கூட்டிவந்து, இன்றைக்கு இவர்தான் உங்கள் ஆசிரியர் என்கிறார் கோபயாஷி. நான் ஆசிரியன் இல்லீங்க, வெறும் விவசாயி என்று அவர் தயங்குகிறார். ரொட்டி செய்யக் கற்றுத்தருபவர் ரொட்டி ஆசிரியர் என்றால், விவசாயம் கற்றுத்தருபவர் விவசாய ஆசிரியர்தானே என்பது கோபயாஷியின் கணக்கு. குழந்தைகள் அவருக்கு வணக்கம் வைத்துவிட்டு மண்ணில் இறங்குகிறார்கள்.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரிகிறது. டோமோயி வீட்டிடம் கொஞ்சமாகக் கேட்கிறது. வீட்டால் முடியாததைத் தானே நிரப்புகிறது. வீட்டுக்கு எதையாவது கொடுத்தனுப்புகிறது. வீட்டுக்காரர்களைப் போன்றவர்களின் தொழிலறிவை வகுப்புக்குள் பாடமாக உட்கார வைக்கிறது. ஒரு பள்ளியின் 'செயல்பாடு' நல்லதா என்று தெரிய இந்த நான்கையும் கேட்டுப் பார்த்தால் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது.

கேட்டுப் பார்ப்போமே. என் அக்கா மகள் இங்கே ஒரு ஆங்கிலவழிப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. போன வருடம் மட்டும் எங்கள் வீட்டில் ஒரு காற்றாலை, ஒரு எஸ்கிமோ வீடு, ஒரு இதயம் தயாரானது. மூன்றுமே தெர்மாகோல். மூன்றுமே இரவு ஒன்பது மணிக்கு மேல், பெரியவர்கள் கையால். பள்ளிக்கூடத்தை ஒட்டிய ஸ்டேஷனரிக் கடைகளில் போய்ப் பாருங்கள், ப்ராஜெக்ட் சாமான் என்று தனியாக ஓர் அடுக்கு இருக்கும். நேரம் இல்லாத பெற்றோருக்கு ரெடிமேடாகவே கிடைக்கும். மறுநாள் எல்லாம் மேசையில் வரிசையாக நிற்கும், போட்டோ எடுப்பார்கள், அது வாட்ஸ்அப் குழுவுக்கு வரும். குழந்தைக்கு மார்க்கு. உண்மையில் அந்த மார்க்கு யாருக்கு? அம்மாவின் படிப்புக்கு, அப்பாவின் சம்பளத்துக்கு, வீட்டில் சும்மா இருக்கும் ஒரு மாமாவின் நேரத்துக்கு. இதற்குப் 'பெற்றோர் ஈடுபாடு' என்று பெயர். குறைகிற டப்பாவை நிரப்பும் பாத்திரம் இங்கே இல்லை. டப்பாக்களை வரிசையாகத் திறந்துவைத்து எல்லோரையும் பார்க்கச் சொல்கிறார்கள்.

அரசுப் பள்ளியின் கதை வேறு. ஆந்திராவின் ரிஷிவேலியில் உருவான முறையைப் பார்த்து 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலை ஆரம்பித்தார்கள். 2007-08-ல் அது தமிழ்நாடு முழுக்கத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. அட்டைகள், ஏணிப்படி, குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை, பாயில் வட்டமாக உட்காருவது. நான் அதை மதிக்கிறேன். அதற்கான சாமான் எல்லாம் பள்ளியிலேயே இருந்தது, எந்த வீட்டிடமும் தெர்மாகோல் கேட்கவில்லை. ஆனால் அட்டை வீட்டுக்கு வரவும் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு அம்மாவுக்குப் பிள்ளை படிக்கிறது என்பதற்கு அத்தாட்சி என்ன? நோட்டு. அதில் நாலு பக்கம் எழுதியிருக்கா, சிவப்பு மையில் டிக் இருக்கா என்று புரட்டிப் பார்ப்பார். அட்டை வந்தபிறகு புரட்ட ஒன்றுமில்லை. 'பள்ளிக்கூடத்துல பாய விரிச்சு வெளயாடிட்டு வருதுங்க' என்ற புகார் ஊருக்கு ஊர் எழுந்தது இதனால்தான். அதை அறியாமை என்று தள்ளிவிட்டோம். தன் பிள்ளையின் படிப்பைப் பார்க்க அந்த அம்மாவுக்கு இருந்த ஒரே ஜன்னல் மூடிப்போனது என்று யாரும் யோசிக்கவில்லை. 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகள். பெயர்கள் அழகு. என் பிள்ளை ஏன் இன்னும் அரும்பிலேயே இருக்கு என்று ஒரு அம்மா கேட்டால், அவருக்குப் புரியும்படி பதில் சொல்ல ஏற்பாடு இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

சட்டம் என்னவோ தாராளமாகத்தான் இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். காகிதத்தில் கோபயாஷியே பொறாமைப்படுவார். ஆனால் இது டெல்டா. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. பள்ளிக்கூடம் திறப்பதும் ஜூன். தண்ணீர் பாமணி ஆற்றுக்கு வந்து, குறுவை நடவு சூடுபிடிக்கும்போதுதான் பிள்ளைக்குப் புது வகுப்பு, புது டீச்சர், முதல் பெற்றோர் கூட்டம். நடவு, களை இரண்டும் பெண்கள் வேலை. நடவு இயந்திரம் வந்து பாதி வேலையைச் சாப்பிட்டுவிட்டதால் கிடைக்கிற நாளை யாரும் விடமாட்டார்கள். 'கூட்டத்துக்கு வந்தா அன்னிக்குக் கூலி போயிடும் தம்பி. டீச்சர் கோச்சுக்காது, கையெழுத்து அப்பறமா போட்டுக்கலாம்' என்று எங்கள் தெருவில் ஒரு அக்கா சொன்னார். டீச்சர் நல்லவர்தான், கோபித்துக்கொள்ளவில்லை. அப்புறமாகக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். அந்த அக்காவிடம் கேட்க வேண்டிய எதையும் யாரும் கேட்கவில்லை என்பது மட்டும் அப்படியே இருக்கிறது.

இந்த இடத்தில் டோட்டோ-சானையும் கொஞ்சம் கேள்வி கேட்க வேண்டும். டோமோயி சுமார் ஐம்பது குழந்தைகள் படித்த தனியார் பள்ளி. டோட்டோவின் அப்பா வயலின் கலைஞர். பள்ளியிலிருந்து நீக்கப்பட்டதையே மகளிடம் பல வருடம் சொல்லாமல், பொறுமையாக வேறு பள்ளி தேடிய அம்மா. அப்படித் தேடுவதற்கு நேரமும் வசதியும் வேண்டும். புத்தகம் அதை வெறும் அன்பாகவே காட்டுகிறது. இரண்டு பாத்திரங்களும் தலைமையாசிரியர் மனைவியின் உழைப்பு. ஒரு மாநிலத்தின் பள்ளிகளை யாரோ ஒருவருடைய மனைவியை நம்பி ஓட்ட முடியாது.

தமிழ்நாடு அந்தப் பாத்திரத்தை அரசாங்கத்தின் கையில் கொடுத்தது. மதிய உணவுக்கு நீண்ட வரலாறு உண்டு. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25-ல் நம் டெல்டாவின் திருக்குவளையில் வைத்து மாநிலம் முழுக்க விரிவானது. சமைப்பவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள். அதே பள்ளியில் பிள்ளை படிக்கும் அம்மாக்களுக்கு முன்னுரிமை. குடும்பம் பள்ளிக்குள் வருவதற்கு நான் பார்த்ததில் உருப்படியான வழி இது. சம்பளத்தோடு, ஒரு வேலையோடு, தலை நிமிர்ந்து வருகிறார்கள்.

ஆனால் குடும்பம் உள்ளே வரும்போது தனியாக வருவதில்லை, சாதியையும் கூட்டிக்கொண்டு வருகிறது. திட்டம் விரிவான அடுத்த மாதமே கரூர் மாவட்டத்தில் ஒரு பள்ளியில், சமைப்பவர் தலித் பெண் என்பதற்காகச் சில பெற்றோர் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை. ஆட்சியர் நேரில் போய் உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. அதுவும் பெற்றோர் ஈடுபாடுதான்! அதனால் 'குடும்பத்தை வகுப்பறைக்குள் கொண்டுவாருங்கள்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. கோபயாஷி வீட்டை மதித்தார், ஆனால் வீட்டின் கூச்சங்களுக்கும் பாகுபாடுகளுக்கும் பள்ளியில் இடம் கொடுக்கவில்லை. போலியோ பாதித்த யாசுவாகியும், உடல் வளர்ச்சி நின்றுபோன தகாஹாஷியும் மற்ற எல்லோரையும் போல அங்கே நீச்சலடித்தார்கள், ஓடினார்கள். வீட்டுக்குக் கதவைத் திறக்கிற பள்ளி, வீட்டைவிடப் பெரிய மனசோடு இருக்க வேண்டும். இல்லையென்றால் ஊர்த்தெருவின் நீட்சியாகத்தான் அது இருக்கும்.

மூன்று இடங்களில் நமக்கு இன்னும் கைகூடாதது விவசாய ஆசிரியர்தான். சோற்றுக்கு அரசாங்கம் பாத்திரம் வைத்துவிட்டது, அறிவுக்கு வைக்கவில்லை. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. மூன்று மா கிட்டத்தட்ட ஒரு ஏக்கர். ஒரு மாவுக்கு எத்தனை நாத்துக்கட்டு பிடிக்கும், எத்தனை நடவாள் வேண்டும், ஆளுக்கு இவ்வளவு என்றால் மொத்தக் கூலி என்ன என்று வரப்பில் நின்றபடியே கணக்குப் போடும் பெண்கள் இந்த ஊரைச் சுற்றி நிறைய இருக்கிறார்கள். நான்காம் வகுப்புப் பெருக்கல், வகுத்தல் முழுக்க அதில் இருக்கிறது. அவர்களுடைய பிள்ளைகளோ எஸ்கிமோ வீட்டுக்கு வண்ணம் அடிக்கிறார்கள். தன் அம்மாவுக்குக் கணக்குத் தெரியும் என்பதே அந்தக் குழந்தைக்குத் தெரியாமல், அம்மா 'படிக்காதவங்க' என்று எழுதிக்கொடுக்கும் படிவத்தோடு வளர்கிறது.

டோட்டோ-சானை அடுத்தமுறை பரிசாகக் கொடுக்கும்போது அந்த அத்தியாயத்தில் ஒரு அடையாளம் வைத்துக் கொடுங்கள். ஆசிரியராக இருக்கும் நண்பர்களிடம் நான் கேட்பது இதைத்தான்: குறுவைக்கு நாற்று பறிக்கும் நாட்களில் ஒரு நடவாள் அக்காவை வகுப்புக்குக் கூப்பிடுங்கள். டீச்சர் உட்காரும் நாற்காலியைக் கொடுங்கள். பிள்ளைகளை எழுந்து வணக்கம் சொல்லச் சொல்லுங்கள். முடித்துப் போகும்போது அன்றைய கூலியை, ஒரு ரூபாய் குறையாமல், கையில் கொடுத்தனுப்புங்கள்.