ரஜூலாவின் டெக்

முந்திரித் தோப்புகள் சூழ்ந்த எங்கள் காடாம்புலியூரிலிருந்து சமுத்திரம் தெரியாது. ஆயினும் அக்கரைச் சீமைக்குப் போய்வந்த பெரியவர்கள் வாயிலாக ரஜூலாக் கப்பலின் பெருமையைக் கேட்டுக் கேட்டு ரசித்தவன் நான். 1926இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்டு, ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் சென்னை, நாகப்பட்டினத்தைப் பினாங்கோடும் சிங்கப்பூரோடும் இணைத்த அக்கப்பலின் டெக்கிலே பாயை விரித்து, தகரப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்து, முன்பின் அறியாதவரையும் அண்ணன், மாமா என்றழைத்து, ஒரு வார காலம் அருகருகே அமர்ந்துண்ட பிரயாணிகளின் சிநேகம், கரையேறிய பின்னும் கடிதங்களிலும் கலியாணங்களிலும் தழைத்ததே, என் மனத்துக்கு, அதன் பரம லக்ஷணம்.

ரஜூலாவுக்குப் பின்வந்த 'சிதம்பரம்' கப்பல், பிரான்ஸில் 'பாஸ்டர்' என்ற நாமத்தோடு பிறந்தது; 1985இல் நடுக்கடலில் பற்றிய தீ பல உயிர்களைப் பலிகொண்டது, அதன் சேவையும் முடிந்தது.

2022 ஜூனில் சென்னையிலிருந்து புறப்பட்ட கார்டீலியா உல்லாசக் கப்பலில் நீச்சல் குளமும் நாட்டிய அரங்கும் உண்டு. சௌகரியத்தில் ரஜூலா அதற்கு ஈடாகாது. ஆனால் கார்டீலியா புறப்பட்ட துறைக்கே திரும்புவது. பிழைப்பையும் பிரிவையும் சுமந்து சென்றது ரஜூலா. அதில் பிரயாணம் செய்தவர் எவரேனும் உங்கள் தெருவில் இருந்தால், அவர் சொல்வதைத் தயவுசெய்து எழுதி வையுங்கள்.