லூவும் லிட்டும்

நகல் ரயில் எஞ்சின் என்றாலே 'போலி' என்று ஒரு முகச்சுளிப்பு வந்துவிடுகிறது. லிட் விஷயத்தில் அது நியாயமில்லை என்பது என் கட்சி.

இங்கிலாந்தின் டெவன் பகுதியில் ஓடிய லிண்டன்–பார்ன்ஸ்டபிள் ரயில்பாதை இரண்டடிக்கும் சற்றுக் குறைவான அகலம் கொண்டது. 1935-இல் மூடினார்கள். அதன் நீராவி எஞ்சின்களில் லூ மட்டும்தான் உடைப்புக்குப் போகாமல் தப்பியது. 1936-இல் பிரேசிலுக்குக் கப்பலேறியது. அப்புறம் என்ன ஆச்சு என்று யாருக்கும் தெரியாது. அதைச் செய்த லீட்ஸ் நகரத்து மானிங் வார்டில் கம்பெனியும் 1927-லேயே மூடியாயிற்று.

2010-இல், ஏறக்குறைய அதே அகலப் பாதை கொண்ட வேல்ஸின் ஃபெஸ்டினியாக் ரயில்வே, தன் பாஸ்டன் லாட்ஜ் பட்டறையில் லூவின் வடிவமைப்பில் ஒரு புது எஞ்சினைச் செய்து முடித்தது. லூ என்றே பெயர் வைத்திருந்தால் கூட்டம் இன்னும் வந்திருக்கும். வைக்கவில்லை. ஆங்கிலத்தில் மூன்றெழுத்து வரும் ஆற்றுப் பெயரையே சூட்டும் அந்தப் பாதையின் பழைய வழக்கப்படி, இன்னொரு டெவன் ஆற்றின் பெயரை வைத்தார்கள்: லிட்.

இந்தப் பெயர்தான் என் வாதத்துக்கு ஆதாரம். அண்ணன் பெயரைத் திருடிக்கொள்ளாமல் தம்பியாகவே வந்து நிற்கிறது. அதனால் 'நகல்' என்ற சொல்லே இங்கு பொருந்தவில்லை. நின்றுபோன வரிசையில் அடுத்த எஞ்சின் என்பதே சரி. நாளைக்கே பிரேசிலில் லூ கிடைத்தாலும் லிட் போலியாகிவிடாது.