ஐ.ஜி.ஐ.: கரண்ட் போனால் மறுபடியும் முதலிலிருந்து

என் செட்டுப் பையன்கள் எல்லாரும் பள்ளிக்கூட நாளிலேயே ஆடித் தீர்த்துவிட்ட 'ப்ராஜெக்ட் ஐ.ஜி.ஐ.'யை நான் இப்போதுதான் முதன்முறையாகத் தொடுகிறேன். ஆட்டம் வெளிவந்தது 2000 டிசம்பரில். நம்மூர் பிரௌசிங் சென்டர்களுக்கு அது மார்க்கர் பேனாவால் பெயர் எழுதிய சி.டி.யாகப் பின்னால் வந்து சேர்ந்தது. கடலூரில் அப்போது என் கையில் புரண்ட காசு மஞ்சக்குப்பம் பரோட்டாக் கடையைத் தாண்டியதில்லை. அதுவும் ஒருவகையில் வசதிதான். "அந்தக் காலத்துல..." என்று ஆரம்பித்துக் கண்கலங்க என்னிடம் ஒன்றுமில்லை. கால் நூற்றாண்டுப் பழைய சரக்கை இன்றைய பொறுமையை வைத்தே எடை போடலாம்.

தெரிந்த விஷயங்களை வேகமாகத் தாண்டிவிடுவோம். நார்வேயின் இன்னர்லூப் ஸ்டூடியோஸ் செய்தது, ஐடோஸ் வெளியிட்டது. டேவிட் ஜோன்ஸ் என்ற ஒற்றை ஆள் பழைய சோவியத் பக்கத்து ராணுவ முகாம்களுக்குள் புகுந்து, களவுபோன அணுகுண்டைத் தேடுகிறான். மொத்தம் 14 மிஷன். சேர்ந்து ஆட மல்டிபிளேயர் கிடையாது. கட்டடங்கள் தீப்பெட்டி மாதிரி இருக்கின்றன, சிப்பாய்கள் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே முகம். இதையெல்லாம் குறை என்று எழுதினால் எனக்கே கூச்சமாக இருக்கும். அந்த வயசுக்கு அது லட்சணமான பிள்ளைதான்.

நான் சண்டை போட வந்திருப்பது ஒரே ஒரு விஷயத்துக்காக. இந்த ஆட்டத்தில் மிஷனின் நடுவில் சேவ் செய்ய முடியாது.

மிஷன் முடிந்தால்தான் கணக்கில் ஏறும். வேலியோரம் ஊர்ந்து, கோபுரத்தில் நிற்கிற ஸ்நைப்பரை விழுத்தாட்டி, கேமராவை அணைத்து, கம்ப்யூட்டர் அறைக்குள் நுழைந்து, இனி வெளியேற வேண்டியதுதான் என்கிற இடத்தில் எங்கிருந்தோ ஒரு குண்டு வந்தால், மறுபடியும் மிஷனின் ஆரம்பப் புள்ளியிலேயே நிற்பீர்கள். முக்கால் மணி நேரம் போயே போச்சு.

இதைச் சொன்னால் ஐ.ஜி.ஐ. ரசிகர்கள் ஒரே பதிலை வைத்திருக்கிறார்கள்: "அந்தக் காலத்து கேம் அப்படித்தாங்க இருக்கும்." இருக்காது. 1998இல் வந்த 'ஹாஃப்-லைஃப்' ஆட்டத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் நின்ற இடத்திலேயே சேவ் ஆகும். அதே வருஷம் ஐடோஸே வெளியிட்ட 'தீஃப்' முழுக்க முழுக்கப் பதுங்கிப்போகிற ஆட்டம். அதிலும் நினைத்த இடத்தில் சேமிக்கலாம். 2000 ஜூனில் அதே ஐடோஸ் வெளியிட்ட 'டியூஸ் எக்ஸ்' ஆட்டத்திலும் சேமிக்கலாம். ஆக, அன்றைக்கு அந்த வித்தை தெரியாமல் யாரும் விட்டுவிடவில்லை. வேண்டாம் என்று முடிவெடுத்து விட்டிருக்கிறார்கள். இந்தப் பாவத்தில் ஐ.ஜி.ஐ.க்கு ஒரு கூட்டாளி உண்டு. ஒரு மாதம் முன்னால், 2000 நவம்பரில், டென்மார்க்கிலிருந்து வந்த 'ஹிட்மேன்: கோட்நேம் 47'. அதையும் வெளியிட்டது ஐடோஸ்தான். அதிலும் நடுவில் சேவ் கிடையாது. இரண்டு வடக்கத்திய ஸ்டூடியோக்களுக்கும் ஆடுபவன் மேல் என்ன கோபமோ!

என்னிடம் ஓர் ஊகம் இருக்கிறது. இன்னர்லூப் அதற்கு முன்னால், 1997இல், 'ஜாயின்ட் ஸ்ட்ரைக் ஃபைட்டர்' என்ற போர்விமான ஆட்டத்தைச் செய்த கம்பெனி. ஐ.ஜி.ஐ.யின் மலையும் சமவெளியும் அந்த விமான ஆட்டத்துக்காக எழுதிய எஞ்சினில்தான் ஓடுகின்றன. விமான ஆட்டத்தில் ஓடுபாதையை விட்டுக் கிளம்பினால் இறங்கும்வரை அது ஒரே மூச்சு. நடுவானில் நிறுத்திவைத்துச் சாப்பிட்டுவிட்டு வர முடியாது. அந்தப் புத்தியோடு தரையில் இறங்கி, துப்பாக்கி ஆட்டம் செய்திருக்கிறார்கள் போலிருக்கிறது. ஒரே மூச்சில் முடி, இல்லையென்றால் செத்துப்போ.

ஒரே மூச்சு என்பது ஆஸ்லோவில் சரி. கடலூரில்?

நான் ஆடுகிற லேப்டாப் என்னுடையதில்லை. சிதம்பரத்தில் இருக்கும் சித்தி மகன் பன்னிரண்டாம் வகுப்பில் வாங்கிய அரசு மடிக்கணினி. ஊர் பாஷையில் அம்மா லேப்டாப். அவன் அதை வைத்துக்கொண்டுதான் அண்ணாமலைப் பல்கலைக்கழக ஹாஸ்டல் வாழ்க்கையை ஓட்டினான். என் கைக்கு வந்தபோது பேட்டரி வயிறு உப்பிக் கிடந்தது. கழற்றி எறிந்துவிட்டு நேராக சார்ஜரில் போட்டு ஆடுகிறேன். வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு, ஆனால் அந்த லைன் ஹால் ஃபேனுக்கும் இரண்டு டியூப்லைட்டுக்கும்தான். ஒயரை இழுத்து ஒருநாள் ஹாலிலேயே உட்கார்ந்து ஆடிப்பார்த்தேன். கரண்ட் போய் இன்வெர்ட்டர் பிடிக்கிற அந்த ஒரு நொடி இடைவெளியில் ஃபேன் லேசாக மூச்சு வாங்கிவிட்டுச் சுற்றுகிறது. லேப்டாப் செத்துவிடுகிறது.

கார்த்திகை மாசம் வேறு. மேற்கே கறுத்தாலும் கிழக்கே கறுத்தாலும் இங்கே முதலில் போவது கரண்ட்தான். இதற்காக யாரையும் திட்டும் எண்ணமில்லை. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கரையேறி, வாரக்கணக்கில் இருட்டில் கிடந்த ஊருக்கு, பத்து நிமிஷக் கரண்ட் கட் ஒரு கணக்கே இல்லை. மாடியில் காயப்போட்ட துணியை எடுத்துவிட்டு வருவதற்குள் வந்துவிடும். ஆனால் அந்தப் பத்து நிமிஷத்தில் டேவிட் ஜோன்ஸ் முக்கால் மணி நேரத்துக்குப் பின்னால் போய்விடுகிறான். எதிரி சுட்டுச் செத்தால் அடுத்தமுறை அந்த மூலையில் கவனமாக இருப்பேன். கரண்ட் போனதில் செத்தால் என்ன கற்றுக்கொள்ள இருக்கிறது? நெய்வேலியை மாவட்டத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டு, அங்கே எரிகிற பழுப்பு நிலக்கரி நாலு மாநிலத்துக்கு வெளிச்சம் கொடுக்க, நான் இங்கே மெழுகுவத்தியோடு உட்கார்ந்து நார்வேக்காரனைத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

சேவ் இல்லாத கொடுமையை ஆட்டத்தின் இன்னொரு குறை இரண்டு மடங்காக்குகிறது. அலாரம். ஒரு கேமரா உங்களைப் பார்த்துவிட்டால், இல்லை ஒரு காவலன் ஓடிப்போய்ப் பொத்தானை அழுத்திவிட்டால், சிப்பாய்கள் வருகிறார்கள். வருவதென்றால் கணக்கில்லாமல் வருகிறார்கள். ஒரு சின்னக் கொட்டகை. அதற்குள் நான் ஏற்கெனவே போய்ப் பார்த்திருக்கிறேன், நாலு கட்டில்கூட ஒழுங்காகப் போட இடமில்லை. அதிலிருந்து ஒருவன் பின் ஒருவனாக வந்துகொண்டே இருக்கிறார்கள். சுட்டால் விழுகிறார்கள், விழுந்த இடத்துக்கு அடுத்தவன் வருகிறான். பக்கத்தில் பிணம் கிடப்பதைப் பற்றி அவனுக்குக் கவலையே கிடையாது. இந்த ஆட்கள் சில சமயம் மூக்குக்கு முன்னால் போனாலும் பார்ப்பதில்லை, சில சமயம் குன்றுக்கு அந்தப் பக்கம் புல்லில் படுத்திருப்பவனின் நெற்றிப்பொட்டில் சுடுகிறார்கள். பதுங்கிப்போ என்று சொல்கிற ஆட்டம், பதுங்குவதற்கு என்ன விதி என்பதைச் சொல்வதில்லை. சேவ் இருந்தால் இதைச் சிரித்துக்கொண்டே தாங்கலாம்.

ஏணியும் அப்படித்தான். ஆட்டம் முழுக்க ஜோன்ஸின் கண் வழியாகப் பார்க்கிறோம். ஏணியில் கால் வைத்ததும் கேமரா அவனை விட்டு வெளியே வந்து முதுகைக் காட்டுகிறது. அவன் நிதானமாக, கோயில் கோபுரத்தில் கலசம் வைக்கப்போகிறவன் மாதிரி ஏறுகிறான். துப்பாக்கி முதுகில். கீழே இருந்து சுடுகிறார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டியதுதான்.

இவ்வளவு திட்டிய பிறகும் தினமும் ராத்திரி சாப்பிட்டதும் அதைத்தான் திறக்கிறேன் என்பதையும் எழுதிவிட வேண்டும். அந்தப் பரப்பு அப்படி. இன்றைய பெரிய ஆட்டங்களில் ஒவ்வொரு பத்தடிக்கும் ஒரு பொக்கிஷப் பெட்டி, ஓர் அம்புக்குறி, ஒரு அறிவிப்பு. இங்கே குன்றின் மேல் ஏறி பைனாகுலரை எடுத்தால், கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஒரு முகாம் மட்டும். வேலி, இரண்டு கோபுரம், ஒரு லாரி. நடுவில் வெறும் நிலம். ஜோன்ஸ் கையில் ஒரு வரைபடக் கம்ப்யூட்டர் இருக்கிறது. மேலிருந்து எடுத்த படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனால், காவலர்கள் ரோந்து சுற்றுவது தெரியும். அதைப் பார்த்து யார் எப்போது எந்தப் பக்கம் திரும்புகிறான் என்று மனசுக்குள் கணக்குப் போட்டு, பிறகு இறங்கிப் போவதில் இருக்கிற சுகம் எனக்குச் சமீபத்திய எந்த ஆட்டத்திலும் கிடைத்ததில்லை. குண்டு மெல்லிய மரக்கதவைத் துளைத்துப் போகும் என்று தற்செயலாகக் கண்டுபிடித்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

திரும்பத் திரும்ப முதலிலிருந்து ஆடியதால், முதல் மிஷனின் ரயில் யார்டு எனக்கு இப்போது திருப்பாப்புலியூர் பஸ் ஸ்டாண்டைவிட நன்றாகத் தெரியும். எந்த வேகனுக்குப் பின்னால் எவன் நிற்பான், எந்தச் சுவரில் மருந்துப் பெட்டி மாட்டியிருக்கும் எல்லாம் அத்துப்படி. சேவ் இருந்திருந்தால் ஒவ்வொரு மூலையையும் ஒருமுறை பார்த்துவிட்டுக் கடந்திருப்பேன் என்பது உண்மைதான். ரசிகர்கள் இதைத்தான் அருமை என்கிறார்கள். எனக்கு அருமையாகப் படவில்லை. மனப்பாடம் செய்ய வைத்த வாத்தியாரைப் பிற்காலத்தில் புகழ்கிற பழக்கம் நம்மிடம் கொஞ்சம் அதிகம்.

சரி, இதே ஆட்டம் எப்படித் தமிழ்நாடு முழுக்கப் பையன்களுக்கு உயிராக இருந்தது? பிரௌசிங் சென்டர் காலத்தில் அது உரிமையாளருக்குக் கிடைத்த வரம். மணிக்கணக்கில் வாடகை. நேரம் முடிகிறபோது மிஷன் பாதியில் இருக்கும், எழுந்தால் எல்லாம் போச்சு. "அண்ணே, அஞ்சே நிமிஷம்ணே, முடிஞ்சிரும்ணே" என்று கெஞ்சாத பையன் உண்டா? அஞ்சு நிமிஷம் அரை மணி ஆகும். அரை மணிக்கும் காசு உண்டு. இன்னர்லூப் ஆட்கள் நம்மூர் சென்டர்காரர்களிடம் பங்கு கேட்டிருக்கலாம், தப்பே இல்லை.

அதற்கப்புறம் வந்தது 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டம். இங்கேதான் என் சித்தி மகன் கதைக்குள் வருகிறான். 2012இல் சென்னையைத் தாண்டிவிட்டால் மாவட்டங்களில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேலேயே கரண்ட் இருக்காது. ஆட்கள் கரண்ட் வரும் நேரம் பார்த்து மாவு அரைத்தார்கள். அப்போதும் ஐ.ஜி.ஐ. ஓடியது. பிளஸ் டூ பையன்கள் பென் டிரைவில் மாற்றி மாற்றி ஏற்றிக்கொண்டு ஆடித் தள்ளினார்கள். புதிய ஆட்டங்கள் அந்த லேப்டாப்பில் முக்கி முனகும், ஐ.ஜி.ஐ.யும் 'வைஸ் சிட்டி'யும் வெண்ணெய்யாக ஓடும். அதைவிட முக்கியம் பேட்டரி. கரண்ட் போனாலும் ஜோன்ஸ் நிற்க மாட்டான். இன்னர்லூப் செய்யத் தவறிய சேவ் வசதியை தமிழ்நாடு அரசு பேட்டரியாகக் கொடுத்துவிட்டது. அன்றைக்கு அண்ணாமலைநகர் ஹாஸ்டலில் அவன் ஆடியதும் இன்றைக்குக் கடலூரில் நான் ஆடுவதும் ஒரே ஆட்டமில்லை. அவனுக்கு அது கஷ்டமான ஆட்டம். எனக்கு அது சூதாட்டம்.

செய்தவர்களுக்கே பிறகு மனசு இளகியிருக்க வேண்டும். 2002இல் வந்த 'ஹிட்மேன் 2' நடுவில் சேவ் செய்ய விட்டது. 2003இல் கோட்மாஸ்டர்ஸ் வெளியிட்ட 'ஐ.ஜி.ஐ. 2: கோவர்ட் ஸ்ட்ரைக்' ஆட்டத்திலும் சேவ் வந்தது, மிஷனுக்கு இத்தனை தடவைதான் என்று ரேஷனில் அளந்து. எனக்கு அந்த அளவு போதும். அதே வருஷம் இன்னர்லூப் கடையை மூடிவிட்டது.

புதிதாக ஆடப்போகிறவர்களுக்கு: பேட்டரி நன்றாக இருக்கிற லேப்டாப்பில் ஆடுங்கள், அல்லது டெஸ்க்டாப்புக்கு ஒரு யு.பி.எஸ். வாங்கிவிட்டு ஆரம்பியுங்கள். ஆட்டத்துக்கு ஆகும் செலவைவிட அது அதிகம்தான். ப்ரிபோய் என்ற ஆளைச் சாகாமல் காப்பாற்ற வேண்டிய மிஷன் ஒன்று பின்னால் வருகிறது. அதை மழை நாளில் தொடாதீர்கள். சீட் கோட் போட்டு ஆடினால் யாரும் உங்களைத் தப்பாக நினைக்கப் போவதில்லை. நான் நினைக்க மாட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சித்தி வீட்டுக்குப் போயிருந்தபோது தம்பியிடம் ஐ.ஜி.ஐ. 2 இருந்தால் ஏற்றிக் கொடுக்கச் சொன்னேன். இட்லியைக் கொத்சுவில் தோய்த்தபடியே சிரித்தான். "அது வேணாம்ணே. அதுல சேவ் பண்ணலாம், த்ரில்லே இருக்காது."

இவன் ஆடிய காலத்தில் பேட்டரி நாலு மணி நேரம் நின்றது. வாய் பேசத்தான் செய்யும்.