ஆடலும் ஆட்டுவித்தலும்: கொத்மலைத் தோட்டப் பிள்ளைகளும் கதைநூலும்

குழந்தைகளின் கதைநூலையும் அவர்களது விளையாட்டையும் இருவேறு துறைகளாகக் கொண்டு பேசுவது நம்மிடையே வழக்காகிவிட்டது. நூல் அறிவுக்கு உரியது, விளையாட்டு உடலுக்கு உரியது. முன்னது வகுப்பறையிலும் பின்னது முற்றத்திலும் நிகழ வேண்டும் என்பதே பொதுவான எண்ணம். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பொறுத்தவரை இப்பிரிவினை பொருந்துமா என்பதையும், கொத்மலைப் பகுதித் தோட்டங்களின் முன்பள்ளிகளில் கதையும் விளையாட்டும் எவ்வாறு இணைய வேண்டும் என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குழந்தையின் அசைவை இலக்கியப் பொருளாகக் கொள்வது தமிழுக்குப் புதிதன்று. பிள்ளைத்தமிழின் பருவங்களை நோக்குக. செங்கீரையில் குழந்தை கையூன்றித் தலையசைத்து ஆடுகின்றது. சப்பாணியில் கை கொட்டுகின்றது. வருகையில் தளர்நடை இடுகின்றது. அம்புலியில் அதனோடு விளையாட நிலவு அழைக்கப்படுகின்றது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவங்களான சிற்றில், சிறுபறை, சிறுதேர் மூன்றும் முழுமையான விளையாட்டுக்களே. ஆயினும் இவ்விலக்கியத்தின் எல்லையையும் நாம் மறத்தல் ஆகாது. பாட்டுடைத் தலைவர் தெய்வமோ அரசரோ பெரியோரோ ஆவார், கேட்போர் வளர்ந்தோர். குழந்தை அங்கு பாடுபொருளாக நின்றதேயன்றிக் கேட்குநராக அமரவில்லை. ஆடுகின்ற குழந்தையே கேட்கின்ற குழந்தையாகவும் அமையும் ஓர் இலக்கியத்தை உருவாக்கும் பொறுப்பு நம் காலத்துக்கு உரியதாகின்றது.

மலையகத் தோட்டங்களில் இப்பொறுப்புக்கு வலுவான அடித்தளம் உண்டு. அங்கு கதை நெடுங்காலமாக ஏட்டின் வழியன்றி உடலின் வழியே வாழ்ந்து வந்துள்ளது. மாசி மாதத்தில் நிகழும் காமன் கூத்தில் ரதியாகவும் மன்மதனாகவும் ஆடுவோர் அத்தோட்டத்துத் தொழிலாளரே. தப்பொலி எழும்பும் திறந்தவெளியில், மன்மதன் எரிக்கப்படுவதையும் ரதி புலம்புவதையும் பெரியோருடன் சிறுவரும் விழித்திருந்து காண்கின்றனர். பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு முதலியனவும் இவ்வாறே ஆடப்பட்டவை. வட்டகொடையை அடுத்த மடக்கொம்பரைத் தோட்டத்திற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) மலைநாட்டு மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் திரட்டியதன் பயனாக, தாலாட்டு முதல் தொழிற்பாடல் வரை இவ்வுழைப்போரின் சொல் அவர்தம் அசைவோடு பிணைந்து கிடந்தமையை நாம் அறிய முடிகின்றது.

இத்தகைய மரபுடைய சமூகத்தின் குழந்தைக்குக் கிடைத்த முதல் நிறுவனமோ இதற்கு மாறான நோக்குடையது. தாய் கொழுந்து பறிக்க மலைக்குச் செல்லும் வேளையில் பிள்ளையைக் காத்துவைக்கும் இடமாகவே பிள்ளைக் காம்பரா தோன்றிற்று. தாயின் உழைப்பு தடைப்படாதிருத்தலே அதன் அடிப்படை நோக்கம். எனவே அழாதிருத்தல், அசையாதிருத்தல், சொன்னதைச் செய்தல் என்பனவே அங்கு நற்பண்புகளாயின. பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட லயக் காம்பராவும் குழந்தையின் அசைவுக்கு இடந்தரவில்லை. இன்று அந்நிலையங்கள் பல சிறுவர் அபிவிருத்தி நிலையங்கள் எனப் பெயர் மாறியுள்ளன. படப்புத்தகங்களும் வந்து சேர்ந்துள்ளன. பெயரோடு நோக்கும் மாறியதா என்பதே வினா.

இங்கு தமிழ் இலக்கணம் நமக்கு ஒரு தெளிவைத் தருகின்றது. ஆடுதல் தன்வினை, ஆட்டுவித்தல் பிறவினை. முன்பள்ளி விழாக்களில் நாம் காணும் செய்கைப் பாடல்கள் பல இரண்டாம் வகையைச் சார்ந்தவை. ஆசிரியை கையை உயர்த்த இருபது பிள்ளைகளும் உயர்த்துகின்றனர். அவர் குனியக் குனிகின்றனர். உடல் அசைகின்றதாயினும் கற்பனை அசைவதில்லை. தொப்பி வியாபாரியும் குரங்குகளும் பற்றிய பழங்கதையை எடுத்துக்கொள்வோம். வியாபாரி தன் தொப்பியைக் கழற்றி எறிய, குரங்குகளும் எறிந்து தாம் கவர்ந்தவற்றை இழக்கின்றன. வியாபாரியின் சாமர்த்தியத்தை நீதியாகக் கூறி இக்கதையை முடிப்பது நம் வழக்கம். இதனையே பிள்ளைகளிடம் ஆடக் கொடுத்தால், குரங்காக நிற்கும் பிள்ளைக்குத் தொப்பியை எறிவதா வைத்துக்கொள்வதா என்னும் தெரிவு பிறக்கின்றது. ஒரு குரங்கு எறிய மறுத்தால் வியாபாரி வேறு வழி தேட வேண்டும், கதை புதிதாகின்றது. மறுப்பதற்கு இடமளியாது எல்லோரையும் எறியச் செய்யும் ஆசிரியை, பிள்ளைகளை அக்கதையின் குரங்குகளாகவே ஆக்கிவிடுகின்றார்.

பிறநாட்டு அனுபவமும் இதனை உணர்த்துகின்றது. 1837இல் ஜெர்மனியில் குழந்தைகளுக்கான பள்ளியைத் தொடங்கிய புரோபெல், 1844இல் வெளியிட்ட நூலில் படம், பாட்டு, கைவிளையாட்டு ஆகிய மூன்றையும் ஒன்றிணைத்தார். குஜராத்தின் கிஜுபாய் பதேகா (1885–1939) எழுதி, தமிழில் ‘பகற்கனவு’ எனப் பெயர்பெற்ற நூலில், புதிய ஆசிரியர் ஒருவர் அடங்காத நான்காம் வகுப்பைக் கதையால் வசப்படுத்துகின்றார்; பின்பு விளையாட்டையும் நாடகத்தையும் புகுத்துகின்றார்; பாடநூலுக்குரிய பணத்தில் வகுப்பு நூலகம் அமைக்கின்றார். கதை கேட்டவர் ஆடுவதும், ஆடியவர் நூலைத் தேடுவதும் அங்கு ஒரே தொடராக அமைகின்றன. அமெரிக்க ஆசிரியை விவியன் பேலி (1929–2019) மேலும் ஒரு படி சென்றார். பிள்ளை சொல்லும் கதையை அவர் பிள்ளையின் சொற்களிலேயே எழுதிக்கொண்டார். பின்னர் அதே கதையை வகுப்புப் பிள்ளைகள் ஆடினர். தன் சொல் எழுத்தாவதையும் எழுத்து மீண்டும் ஆட்டமாவதையும் பிள்ளை ஒரே நாளிற் கண்டது.

இதற்கு எதிராகத் தோட்டத்துப் பெற்றோர் எழுப்பக்கூடிய தடையை அறியாமை எனத் தள்ளிவிடுதல் நேர்மையாகாது. லயத்திலிருந்து வெளியேறுவதற்குக் கல்வி ஒன்றே வழி என்றும், ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிற் பரீட்சையே அதன் முதற்படி என்றும் கருதும் தாய், “பிள்ளை எழுதப் பழகினானா?” என்று வினவுவது இயல்பே. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது 1970களிலேதான் என்பதை நினைவுகொண்டால், எழுத்தின்மீது அத்தாய்க்குள்ள தாகம் எத்தகையது என்பது விளங்கும். ஆதலால் விளையாட்டு நூலுக்கு மாற்றாக நிற்றல் கூடாது. நூலிலே தொடங்கி நூலுக்கே அது மீளுதல் வேண்டும். கதையை ஆடி முடித்த பிள்ளை, தான் ஆடிய குரங்கு எப்பக்கத்தில் உள்ளது என்று தேடிப் புரட்டுமாயின், அதுவே வாசிப்பின் தொடக்கம். அத்தாயின் கேள்விக்குரிய விடையும் அதிலேயே உள்ளது.

இதற்கேற்ற நூல் எத்தகையதாக இருத்தல் வேண்டும்? சொல் சிலவாகவும், வினைகள் பலவாகவும், முடிவு திறந்ததாகவும் அமைதல் வேண்டும். லயம், மலை, கொழுந்து, கூடை முதலிய சொற்கள் கொச்சையென ஒதுக்கப்படலாகாது. தன் வீட்டுச் சொல்லை அச்சிற் காணும் பிள்ளை நூலைத் தனதாக்கிக்கொள்ளும். கதைப்பொருளைத் தேடித் தொலைதூரம் செல்லவேண்டியதும் இல்லை. 1985இல் நிறைவுற்ற கொத்மலை நீர்த்தேக்கத்தின் அடியில் வயல்களும் வழிபாட்டிடங்களும் ஊர்களும் அமிழ்ந்துள்ளன. நீர் வற்றும் காலங்களில் பழைய கடதொர விகாரையின் எச்சங்கள் வெளித்தெரிகின்றன. நீருக்கடியில் ஓர் ஊர் என்பதை விடச் சிறுவரை ஆடத் தூண்டும் கதை வேறு யாது? வெளியில் மழை பொழியும் நாளிலும், ஒரு போர்வையை நீராக விரித்து, ஒரு கூடையைத் தோணியாகக் கொண்டு இக்கதையை ஆடலாம். இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. பிள்ளைகளின் சத்தத்தைக் குழப்பமெனக் கருதாத ஆசிரியையே வேண்டும்.

ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகப் பிறர் ஏவலின்படி மலையேறி இறங்கிய மக்களின் குழந்தைகள் இவர்கள். அவர்களுக்குக் கதை சொல்லிக் கைகட்டி இருக்கச் செய்வதும், கதையின் பெயரால் ஒருசேரக் கையுயர்த்தச் செய்வதும் அவ்வேவலின் தொடர்ச்சியே. கதைக்குள் தன் காலால் நடந்து சென்று, அங்கு தானே ஒரு முடிவை எடுக்கும் உரிமையைக் குழந்தைக்கு அளிப்பதே கதைநூலையும் விளையாட்டையும் இணைப்பதன் உண்மைப் பயன் என்பது எமது துணிபு.