ஒத்தடம்

இரும்புச் சட்டியில் கல்லுப்பு படபடவென்று பொரியத் தொடங்கும்போதே பாதி வலி போனாற்போல் இருக்கும். பழைய வேட்டித் துணியில் அதை முடிந்து, பாட்டி முதலில் தன் புறங்கையில் வைத்துச் சூடு பார்ப்பாள். பிறகுதான் நம் இடுப்பில் ஒற்றுவாள். அழுத்தித் தேய்ப்பதில்லை, ஒற்றி ஒற்றி எடுப்பதுதான் பக்குவம். சூடு பட்ட இடத்தில் ரத்தக் குழாய்கள் விரிகின்றன. இறுகிய தசை இளகுகிறது. சூட்டைப் பிடித்துவைத்து மெல்ல விடுவது உப்பின் வேலை. நொச்சித் தழையை வதக்கி ஒற்றுவாரும் உண்டு.

சுளுக்கிய உடனே சூடு வைத்தால் வீக்கம் கூடும். முதல் 2 நாள் குளிர் ஒத்தடமே சரி. சர்க்கரை நோயால் கால் மரத்தவர்களுக்குச் சூடு ஆகாது. மற்றபடி, நாளெல்லாம் நின்று இடுப்பைப் பிடித்தபடி உட்காரும் அம்மாவுக்கு இன்றிரவு நீங்களே ஒத்தடம் கொடுங்கள்.