முகாமுக்கு வராதவர்கள்

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை என்றதும் ஒரு கதை சொல்வார்கள். அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கினார். முடக்குவாதம் கோணலாக்கிய விரல்களாலேயே அறுவை செய்தார். கதை உண்மைதான். ஆனால் நிறுவியவரின் தியாகத்தை வைத்து ஒரு நிறுவனத்தை எடைபோட முடியாது.

அறுவை அரங்கில் இரண்டு மேசைகள். ஒருவருக்குக் கண்புரை எடுத்து முடித்த மருத்துவர் பக்கத்து மேசைக்குத் திரும்பும்போது அடுத்தவர் தயாராகக் கிடக்கிறார். பார்வை அளப்பதும் கருவி எடுத்துக்கொடுப்பதும் கிராமங்களிலிருந்து வந்து பயிற்சி பெற்ற இளம்பெண்கள். (அறுவை மலிவாக முடிவதில் அவர்கள் உழைப்பின் பங்கு எவ்வளவு என்று புகழ்பவர்கள் அதிகம் கேட்பதில்லை.) புரை எடுத்த கண்ணுக்குள் வைக்கும் வெளிநாட்டு லென்ஸ் 100 டாலர் அளவில் விற்ற காலத்தில், 1992இல் தொடங்கிய அரவிந்தின் லென்ஸ் தொழிற்சாலையான ஆரோலேப் அதை 10 டாலருக்குப் பக்கத்தில் இறக்கியது. காசு கொடுப்பவருக்கு அறை, கொடுக்காதவருக்குப் பாய். இதைப் பாகுபாடு என்பார் உண்டு. மருத்துவர்கள் இரு பக்கமும் மாறி மாறி வேலை பார்ப்பதால் எனக்கு அது பெரிய குறையாகப் படவில்லை.

குறை வேறிடத்தில் இருந்தது. கிராமங்களில் இலவசக் கண் முகாம், இலவசப் பேருந்து, சாப்பாடு எல்லாம் இருந்தும், கண் சிகிச்சை தேவைப்பட்டவர்களில் ஏறத்தாழ 7 சதவீதம் பேரே முகாமுக்கு வந்தார்கள் என்று 1990களின் ஆய்வு காட்டியது. இலவசம் என்றாலும் கூடவருகிற மகனுக்கு அன்றைய கூலி போகும். அறுவடை நேரமென்றால் யாரும் நகரமாட்டார்கள். 'புரை முத்தட்டும், அப்புறம் பாக்கலாம்' என்று பாட்டியே தள்ளிப்போடுவாள்.

இதற்குக் கிடைத்த விடைதான் அரவிந்த் சிற்றூர்களில் திறந்த பார்வை மையங்கள். பயிற்சி பெற்ற பெண் கண்ணைச் சோதிப்பார், நகரத்து மருத்துவர் திரையில் பேசுவார், கண்ணாடியும் அங்கேயே கிடைக்கும். முகாம் எப்போதோ ஒருநாள் வந்துபோகும்; மையம் பக்கத்திலேயே நிலையாக இருக்கும்.

புரையை ஒருமுறை எடுத்தால் போதும். கண் அழுத்த நோய் அப்படி விடாது: போன பார்வை திரும்பாது, பெரும்பாலும் வலியும் தெரியாது, பலர் ஆயுள் முழுக்கச் சொட்டு மருந்து விடவேண்டும். சர்க்கரையால் கெடும் விழித்திரைக்கும் தொடர்ந்த கவனிப்பு வேண்டும். இங்கே அறுவை அரங்கின் வேகம் உதவாது.

எனவே என் தீர்ப்பு: புரை நீக்குவதில் அரவிந்த் முறைக்கு இணை சொல்வது கடினம். கிராமத்துக் கண் மருத்துவம் என்ற பெயருக்கோ அரங்கையும் முகாமையும்விடப் பார்வை மையமே அதிகம் உரியது. அதையும் எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணி மதிப்பிடக்கூடாது. கண் அழுத்த நோய்க்காரர் மூன்றாம் மாதமும் மருந்து வாங்க வந்தாரா என்று பதிவேட்டைப் புரட்ட வேண்டும்.